ஜீப்பின் கொம்பனி செற்றை மாற்றுவது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவில் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிறேன். செற், ஸ்பீக்கர் எதையும் விற்பதில்லை. நீங்கள் வாங்கி வருவதைப் பூட்டிக் கொடுப்பதோடு சரி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. தொடங்கியும் என்ன, விலை கேட்டவுடன் ஆட்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். அதனால் வெசல், எக்ஸ்-ட்ரெயில், ரஷ், பிராடோ என்று கையில் இருக்கும் ஜீப்பையே புதுப்பித்து ஓடுகிறார்கள். அதில் முதலில் நினைவுக்கு வருவது, கொம்பனி பூட்டி அனுப்பிய பாட்டுச் செற்றை மாற்றுவது. கேட்கிற ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்டபடியே எழுதிக் கீழே பதில் தந்திருக்கிறேன்.

"அண்ணை, ஜப்பானில இருந்து வந்த வெசல். ரேடியோ 90க்கு மேல போகுதில்லை. செற் பழுதோ?"

பழுதில்லை. ஜப்பானில் எப்.எம். 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90 வரை. கொஞ்சம் பிந்திய செற்கள் 95 வரை போகும். இங்கே 87.5 முதல் 108 வரை. ஆகவே 100க்கு மேலே இருக்கும் தமிழ் வானொலி எதுவும் அந்தச் செற்றில் பிடிபடாது.

அன்ரனா வயருக்கு நடுவில் பூட்டும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, பாண்ட் எக்ஸ்பாண்டர் என்று கேட்டால் தருவார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 20 இறக்கும் பெட்டி என்றால் 103.2 உங்கள் திரையில் 83.2 ஆக வரும். ஆனால் ஜப்பான் செற்றின் அகலம் 14 மெகாஹேர்ட்ஸ், எங்கள் வானொலிகள் பரந்திருப்பது 20.5 மெகாஹேர்ட்ஸ். முழுவதும் உள்ளே அடங்காது, ஏதோ சில நிலையங்கள் விடுபடும், கொஞ்சம் இரைச்சலும் சேரும். ரேடியோ மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் இந்தப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"பற்றரி மாத்தின உடன செற் ஜப்பான் பாஷையில ஏதோ கோட் கேக்குது. இனி என்ன செய்யிறது?"

அது திருட்டுப் பூட்டு. சில ஜப்பான் செற்களில் மின்சாரம் முழுக்க அறுந்தால் பூட்டிக்கொள்ளும். கோட் ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளரிடம் இருந்திருக்கும். தொடர் இலக்கத்தை வைத்துத் திறந்து தருபவர்கள் இருக்கிறார்கள்; செற்றைக் கழற்றி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சிலதில் வரைபட எஸ்.டி. கார்ட் இல்லாவிட்டாலும் இதே கதைதான், ஆகவே "ஜப்பான் மப் எதுக்கு" என்று அந்தக் கார்டை வெளியே எடுத்து எறியாதீர்கள்.

இன்னும் பூட்டாத செற் என்றால், அடுத்த முறை பற்றரி மாற்றும்போது வேறொரு 12 வோல்ற் பற்றரியால் லைன் கொடுத்துக்கொண்டு மாற்றச் சொல்லுங்கள்.

"பெரிய ஸ்கிரீன் போட்டால் சவுண்டும் நல்லா வரும்தானே?"

ஆகக் கூடுதலாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஏமாற்றமும் இதில்தான் கூடுதல். பெரிய திரைக்குக் கொடுக்கும் காசில் வருவது தமிழ் ரேடியோ, ஆங்கில மெனு, போனில் இருந்து வரைபடம், கமரா, புளூடூத். இவை எல்லாம் வேண்டியவைதான். கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு மடியில் போனை வைத்து வழி பார்ப்பதை விட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒலி வெளியே வருவது கதவில் இருக்கும் ஸ்பீக்கரால். கொம்பனி பூட்டிய ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் பலருக்கு நம்ப முடிவதில்லை: மெல்லிய கடதாசிக் கூம்பு, பிளாஸ்ரிக் சட்டம், சின்னக் காந்தம். வாகனத்துக்குப் பத்து வயதானால் கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பும் காய்ந்து வெடித்திருக்கும். அதற்கு எந்தச் செற்றைக் கொடுத்தாலும் நாதஸ்வரமும் மோட்டார்சைக்கிள் ஹோர்னும் ஒரே மாதிரித்தான் கேட்கும். திரை மாற்றிய அன்று "நல்லாயிருக்கு" என்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் புதுச் செற்றின் ஈக்குவலைசரில் பாஸ் ஏற்றி வைத்திருப்பது. சத்தத்தைக் கூட்டியவுடன் கதவு கிடுகிடுக்கும்.

"அப்ப காசு கொஞ்சம்தான் இருக்கு. எதில முதல் கை வைக்கட்டும்?"

முன் கதவு இரண்டிலும். ஒரு சோடி நடுத்தரமான ஸ்பீக்கரும், கதவுத் தகட்டுக்கு ஒட்டும், அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற பியூட்டைல் தாளும். செற்றை அடுத்த வருடம் பாருங்கள். இந்த ஒழுங்கை நான் யாருக்கும் மாற்றிச் சொல்வதில்லை, ஆனால் பத்தில் எட்டுப் பேர் திரையைத்தான் முதலில் வாங்கி வருகிறார்கள்.

கதவு என்பது ஸ்பீக்கருக்குப் பெட்டி. ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஓட்டைகள் வழியாகக் கலந்தால் பாஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். மெல்லிய தகடு சேர்ந்து அதிர்ந்தால் சொற்கள் தெளியாது. 2 மில்லிமீற்றர் பியூட்டைல் தாளை வெளித்தகட்டின் உட்புறத்தில் ஒட்டி, உள் தகட்டின் பெரிய ஓட்டைகளையும் மூடினால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் போல் கேட்கும். ஓடும்போது வீதி இரைச்சலும் குறையும். கூரைக்கு அடிக்கும் தார்த் தாளைக் கதவுக்குள் ஒட்டாதீர்கள். மலிவுதான், ஆனால் சித்திரை வெயிலில் நிறுத்திய வாகனத்தில் அது இளகி வழியும், உள்ளே ஏறினால் தார் மணக்கும்.

மழையையும் யோசிக்க வேண்டும். கண்ணாடி வழியே தண்ணீர் கதவுக்குள் இறங்குவது வழமை. அடியில் இருக்கும் ஓட்டைகளால் அது வெளியேறும். தாள் ஒட்டும்போது அந்த ஓட்டைகளை அடைத்தால் கார்த்திகை மழை முடியக் கதவின் அடி கறளேறத் தொடங்கும். உள்ளே இருந்த பிளாஸ்ரிக் விரிப்பைக் கிழித்தெறிந்துவிட்டு ஒன்றும் போடாமல் விட்டால் தண்ணீர் கால்விரிப்புக்கு வரும். வேலை முடிந்ததும் கண்ணாடிக்கு மேலால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபிக்கமாட்டார்.

"பெட்டியில 400 வாற் எண்டு போட்டிருக்கு. எங்கட செற் தாங்குமோ?"

அந்த 400ஐ மறந்துவிடுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஒரு இலக்கம் இருக்கும்; தொடர்ந்து தாங்கக்கூடியது அதுதான். 400 என்று போட்ட ஸ்பீக்கரில் அது பெரும்பாலும் 50, 60 என்று இருக்கும். செற்றின் முகத்தில் "4 x 50 வாற்" என்று இருப்பதும் அதே வகை. எஞ்சின் ஓடும்போது இருக்கும் 14.4 வோல்ற்றில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சாதாரணச் செற் கணக்கின்படியே 26 வாற்றைத் தாண்டித் தெளிவாகக் கொடுக்க முடியாது. நடைமுறையில் 15 முதல் 20 வரை.

குறைவென்று கவலைப்படத் தேவையில்லை. 90களில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். முற்றத்தில் இருந்த அவ்வளவு சனமும் அதில்தான் செய்தி கேட்டது. தனி அம்ப் (ஒலியின் வலுவைக் கூட்டும் பெட்டி) போடாமல் செற்றின் வலுவிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் வாற்றைப் பார்க்காமல் சென்சிற்றிவிற்றி, அதாவது ஒரே வலுவுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். 87ஐ விட 90 உள்ளது, பாதி வலுவிலேயே அதே சத்தம் தரும்.

"என்ன அளவு ஸ்பீக்கர் வாங்கிறது? கடைக்காரர் எல்லாத்துக்கும் ஆறரை போகும் எண்டுறார்."

போகும், ஆனால் எப்படிப் போகும் என்பதில்தான் விஷயம். பல டொயோட்டாக்களில் முன்னுக்கு இருப்பது ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்டம். ஹொண்டா, நிசானில் பெரும்பாலும் ஆறரை அங்குல வட்டம். நீள்வட்ட இடத்தில் வட்டத்தைப் பூட்ட இடையில் வளையம் வேண்டும். பலகை வளையம் போட்டால் நாலு பக்கமும் நல்ல வார்னிஷ் அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீரில் ஊறிப் புடைக்கும். பிளாஸ்ரிக் வளையம் நல்லது.

வாங்க முன்னர் ஆழத்தையும் அளக்க வேண்டும். காந்தம் பெரிதானால் கண்ணாடியை இறக்கும்போது அதில் முட்டும். கதவைத் திறந்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளந்த பிறகு கடைக்குப் போங்கள்.

"கனடாவில இருந்து மச்சான் ஒரு நல்ல செற் கொண்டு வாறன் எண்டுறார். விடலாமோ?"

கொண்டு வரட்டும், ஆனால் ஒரு விஷயத்தை அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். வட அமெரிக்காவில் எப்.எம். 0.2 ஆகத் தாவும்: 102.9, 103.1, 103.3. எங்கள் 103.2 அதில் வராது. பிராண்ட் செற்கள் பலவற்றில் பிரதேசத்தை மாற்றும் அமைப்பு உண்டு. ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றினால் தாவல் சின்னதாகி எல்லாம் பிடிக்கும். அந்த அமைப்பு இல்லாத மாதிரி என்றால் வேண்டாம். லண்டன், ஜேர்மனியில் இருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் டி.ஏ.பி. டிஜிற்றல் ரேடியோ இருக்கிறது என்று கூடக் காசு கொடுக்க வேண்டாம், இங்கே அதால் பயனில்லை.

அளவு அடுத்தது. பொதுவான இரட்டை டின் செற் 180க்கு 100 மில்லிமீற்றர். டொயோட்டாவின் வாய் 200 அகலம். இரண்டு பக்கமும் இடைவெளி தெரியாமல் இருக்க உங்கள் வாகனத்துக்கான பிரேமும் வயர் சொக்கற்றும் தனியாக எடுக்க வேண்டும். அவற்றை இங்கே தேடி அலைவதை விட மச்சானிடமே சொல்லிவிடலாம், வாகனத்தின் மாதிரிக் குறியீட்டோடு.

"அன்ரொயிட் செற்றோ, பயனியர் கென்வூட் மாதிரி பிராண்ட் செற்றோ?"

பாட்டும் போனும் மட்டும் என்றால் பிராண்ட் செற். அழுத்தியவுடன் வேலை செய்யும், ரேடியோ பிடிப்பது நன்றாக இருக்கும், ஒலிப் பகுதியும் நேர்மையானது. கார்பிளே அல்லது அன்ரொயிட் ஓட்டோ இருந்தால் போனில் இருக்கும் வரைபடமே திரையில் வந்துவிடும், சிம் போட வேண்டியதில்லை.

சீன அன்ரொயிட் செற்றின் நல்லது, உங்கள் டாஷ்போர்டுக்கென்றே வார்த்த பிரேமோடு 9, 10 அங்குலத் திரை கிடைப்பது. வாங்குவதானால் 4 ஜி.பி.க்குக் குறைந்த ராம் வேண்டாம். பின்பக்கத்தில் வெப்பம் போக்கும் தகடும் விசிறியும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். மத்தியான வெயிலில் நின்ற ஜீப்பை எடுத்தவுடன் திரை இழுத்து இழுத்து வேலை செய்வது, மலிவுச் செற்களின் வழமையான முறைப்பாடு. மற்றது, ஓடும்போது படம் தெரியாமல் இருக்கக் கைப்பிரேக் வயர் ஒன்று உண்டு. ஓடும்போதும் படம் பார்க்க, "அதை ஏர்த்தில் கொடுத்து விடுங்கோ" என்று கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

"ஸ்டியரிங் பட்டன், ரிவேர்ஸ் கமரா எல்லாம் வேலை செய்யுமோ?"

ஸ்டியரிங் பட்டன் வேலை செய்யும். பழைய முறையில் ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு மின்தடை. செற்றுக்குப் பழக்கிவிட்டால் போதும். புது வாகனங்களில் தகவல் கான்பஸ் (வாகனத்தின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வயர்) வழியாக வரும், அதற்கு டிகோடர் பெட்டி வேண்டும். உங்கள் மாதிரிக்கும் ஆண்டுக்கும் பொருந்துகிற பெட்டி வந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஏ.சி. அளவைத் திரையில் காட்டும் வாகனங்களில் இந்தப் பெட்டி இல்லாமல் செற்றில் கை வைக்கவே கூடாது.

கமராவில்தான் கவனம். டொயோட்டாவின் கொம்பனி கமராக்கள் பல 6 வோல்ற்றில் ஓடுபவை. கவனியாமல் 12 வோல்ற் கொடுத்தால் கமரா எரிந்துவிடும். நடுவில் மின்னழுத்தம் குறைக்கும் சின்னப் பாகம் ஒன்று போட வேண்டும். சுற்றிவர நாலு கமரா உள்ள வாகனமானால், கொம்பனி திரையைக் கழற்றிய பிறகு அந்த மேற்பார்வைப் படம் கிடைக்குமா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

"எனக்கு முன்னுக்கு அளவா இருக்கு, பின்னுக்கு இருக்கிற அம்மா காது வெடிக்குது எண்டுறா."

பின் ஸ்பீக்கர்களை செற்றின் பேடரில் (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் அமைப்பு) மூன்று நாலு புள்ளி குறையுங்கள். காசில்லாத வேலை. பாட்டு முன்னால் இருந்து வர வேண்டும். பின் ஸ்பீக்கர் பின் சீட்டுக்காரருக்குக் கேட்டால் போதும். அதனால்தான் முன் கதவில் முதலில் கை வைக்கச் சொன்னேன்.

உங்கள் செற்றில் ரைம் அலைன்மென்ற் (ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாகத் தாமதிக்கும் அமைப்பு) இருந்தால் அதையும் பாருங்கள். சாரதி வலப்பக்கம் இருப்பதால் வலது ஸ்பீக்கரின் ஒலி முதலில் காதுக்கு வந்துவிடும். தூர வித்தியாசம் 50 சென்ரிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிசெக்கன். வலப்பக்கத்தை அவ்வளவு தாமதித்தால் பாடகர் டாஷ்போர்டின் நடுவில் நிற்பார்.

"சப்வூபர் போட்டால் டிக்கி போயிடுமோ?"

சப்வூபர் என்பது பாஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர். பெட்டி சப் என்றால் டிக்கி போகும். ஊருக்கு வந்து போகும்போது தேங்காயும் மாம்பழப் பெட்டியும் ஏற்றுகிற குடும்பத்துக்கு அது ஒத்துவராது. சீட்டுக்கு அடியில் போகும், அம்ப் உள்ளேயே இருக்கும் 8 அங்குலச் சப் போதும். நெஞ்சை உதைக்காது, ஆனால் தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் இருக்க வேண்டிய கனத்தோடு வரும். பிறகு செற்றில் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பாரமான வேலையைச் சப் எடுத்துக்கொள்வதால் கதவு ஸ்பீக்கர்களும் தெளியும்.

வயரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு. வெட்டிய முனை வெள்ளையாகத் தெரியும். கடற்காற்றில் அதன் முனைகள் சீக்கிரம் பூத்துப்போகும், பிறகு அந்த இணைப்புச் சுடும். முழுச் செம்பு வாங்குங்கள். பற்றரியில் இருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். தகட்டுக்குள்ளால் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் உரசி உரசி ஒருநாள் சோட் ஆகும்.

"அம்ப் போட்ட பிறகு ரேஸ் பண்ணினால் 'ஙீ' எண்டு ஒரு சத்தம் வருது."

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஓல்டனேற்றரின் (எஞ்சினோடு சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பாகம்) சத்தம். பெரும்பாலும் ஏர்த் சரியில்லை. பெயின்ற்றுக்கு மேலே ஆணி அடித்திருப்பார்கள். சுரண்டி, வெறும் தகட்டில் இறுக்க வேண்டும். கறன்ற் வயரும் ஒலி வயரும் ஒரே பக்கத்தால் ஓடினாலும் வரும். ஒன்றை இடப்பக்கம், மற்றதை வலப்பக்கம் கொண்டு போங்கள்.

அம்பில் இருந்து ஒலி வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் பிரச்சினை செற் பக்கம், நிற்காவிட்டால் அம்ப் பக்கம். போனைச் சார்ஜில் போட்டு ஓக்ஸ் வயரால் பாட்டுப் போடும்போது மட்டும் வந்தால், சார்ஜரைக் கழற்றியவுடன் நின்றுவிடும். அதற்குப் புளூடூத்தே மருந்து.

"ஹைபிரிட் ஜீப்பில பெரிய பற்றரி இருக்குத்தானே, அதில இருந்து அம்புக்கு லைன் எடுக்கலாமோ?"

கூடவே கூடாது. செம்மஞ்சள் வயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ற் இருக்கும், ஆளைக் கொல்லும். செற்றும் அம்பும் ஓடுவது தனியே இருக்கும் 12 வோல்ற் பற்றரியில். அதை ஓல்டனேற்றருக்குப் பதிலாக ஒரு மாற்றி சார்ஜ் பண்ணுகிறது. அதனால் முந்திய பதிலில் சொன்ன சத்தம் ஹைபிரிட்டில் வேறு மாதிரி வரலாம், ஆனால் தேடும் முறை ஒன்றுதான்.

அந்த 12 வோல்ற் பற்றரி பெரும்பாலும் சின்னது. கோயில் வீதியில் நிறுத்திவிட்டு அக்சசரியில் பாட்டுக் கேட்டால் சீக்கிரம் இறங்கும். ரெடி விளக்கு எரிய வைத்துக் கேளுங்கள்.

"மகன் லண்டனில. அவன் வந்தால்தான் ஜீப் வெளிக்கிடும். செற் மாத்தினதில இருந்து பற்றரி இறங்குது."

அணைத்த பிறகும் செற் முழுக்கத் தூங்கவில்லை. வாகனம் முழுவதும் சேர்த்து 50 மில்லியம்பியருக்குள் இருந்தால் சரி. மலிவு அன்ரொயிட் செற்கள் சீக்கிரம் விழிப்பதற்காக இதைவிடக் கூட இழுக்கும். 100 மில்லியம்பியர் என்றால் நாளுக்கு 2.4 அம்பியர்-மணி. 45 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதி ஒன்பது நாளில் போய்விடும். அதன் பிறகு ஸ்டார்ட் பிடிப்பது சந்தேகம். மல்ரிமீற்றரால் அளந்து, செற்றின் அமைப்பில் தூங்கும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். மாதக் கணக்கில் நிற்கும் வாகனத்துக்குப் பற்றரி நெகற்றிவ்வைக் கழற்றி வைப்பதே சுகம். பழைய ஜப்பான் செற் இன்னும் இருக்கிறதென்றால் மட்டும் மேலே இரண்டாவது பதிலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

"கொம்பனி செற்றை அப்படியே விட்டிட்டு சவுண்டை மட்டும் கூட்டேலாதோ?"

ஏலும். புது வாகனங்களில் திரையில்தான் வாகனத்தின் அமைப்புகள் எல்லாம் இருக்கும், அவற்றுக்கு இதுவே நல்ல வழி. ஸ்பீக்கர் வயரில் இருந்து ஒலியை எடுத்து டி.எஸ்.பி. (ஒலியை டிஜிற்றலாகத் திருத்தும் சிப்) உள்ள அம்புக்குக் கொடுக்க வேண்டும். கொம்பனி செற்கள் பல, சத்தம் கூடக்கூட பாஸைத் தாங்களாகவே குறைக்கும், பாவம் அந்தக் கடதாசி ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க. டி.எஸ்.பி.யால் அதை ஓரளவு நேராக்கலாம்.

டொயோட்டாவில் ஜே.பி.எல்., நிசானில் போஸ் என்று பெயர் போட்ட வாகனமானால் அம்ப் ஏற்கெனவே வேறிடத்தில் இருக்கும், ஸ்பீக்கர்கள் 2 ஓமாக இருக்கலாம். அதில் கடைச் செற்றை நேரே கொடுத்தால் சூடாகி நின்றுவிடும். மல்ரிமீற்றர் வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

"விக்கேக்க பழைய செற் கேப்பினமோ?"

கேட்பார்கள். வயரை வெட்டவிடாமல் சொக்கற் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். பழைய செற், பிரேம், ஆணி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வையுங்கள்.

"கதவுக்குள்ள எயார்பேக் சென்சர் இருக்காம், கதவைக் கழட்டவே கூடாதாம். உண்மையோ?"

பாதி உண்மை. பக்கவாட்டு எயார்பேக் உள்ள சில வாகனங்களில், மோதலைக் கதவுக்குள் இருக்கும் காற்றழுத்த மாற்றத்தால் அறியும் சென்சர் உண்டு. அப்படிப்பட்ட கதவில் கொம்பனி மூடிய இடம் மூடியே இருக்க வேண்டும். வயர் கொண்டு போகப் புதுத் துளை போடுவதும், சென்சரின் வாயில் பியூட்டைல் தாள் ஒட்டுவதும் கூடாது. ஸ்பீக்கர் வளையமும் காற்றுப் போகாமல் பஞ்சு வைத்து இறுக்க வேண்டும். மற்றபடி கதவின் உள் மூடியைக் கழற்றலாம். பற்றரி நெகற்றிவ்வைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்க வேண்டும். மஞ்சள் சொக்கற் எதைக் கண்டாலும் தொடாமல் விட வேண்டும். ட்வீற்றரை (மெல்லிய கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) முன் தூணில் ஏற்ற ஆசைப்படுபவர்களும் கவனிக்க வேண்டும்: கண்ணாடிப் பக்கம் திரை போல விரியும் கேர்ட்டின் எயார்பேக் உள்ள வாகனத்தில் அந்தத் தூணுக்குள்ளால்தான் அது விரியும். அங்கே வேண்டாம், டாஷ்போர்டின் மூலையில் கொம்பனி விட்டிருக்கும் இடத்திலேயே பூட்டுங்கள்.